ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கடலுக்கு: தனியே செல்பவருக்கான கரைகளும் தீவுகளும்

தூத்துக்குடி முதல் உவரி வரையுள்ள மன்னார் வளைகுடாக் கரையைத் தனியாளாகச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் திருச்செந்தூரிலோ தூத்துக்குடியிலோ அறை எடுக்கிறார்கள். கடலைவிட்டு உள்ளே தள்ளி, தாமிரபரணியின் வடகரையில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் அவர்கள் கணக்கில் வருவதில்லை. வர வேண்டிய ஊர் அது. திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில் ஏறத்தாழ நட்டநடுவில் இருக்கிறது. இரு பக்கமும் சுமார் 30 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் ஏரலுக்கும் பேருந்து உண்டு. வாகைக்குளம் விமான நிலையமும் தொலைவில்லை. ரயில் நிலையம் மட்டும் ஊருக்குள் இல்லை. ஆற்றின் தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது. இரவு ரயிலில் இறங்குபவர் பாலம் கடந்து ஊருக்குள் வர ஆட்டோவை முன்பே பேசி வைப்பது நல்லது.

ஊரில் தங்கும் விடுதிகள் குறைவு, வசதிகளும் எளியவைதான். ஆனால் கடற்கரையில் திருவிழா நடக்கும் நாட்களில் அங்கே அறை கிடைக்காமலும், கிடைத்தாலும் வாடகை ஏறியும் இருக்கும்போது, உள்நாட்டு ஊரில் தங்கி ரயிலில் போய்வருவது தனியாளின் செலவைப் பாதியாக்கும். கடலோர விடுமுறை என்பது எங்கும் இருவரையும் குடும்பத்தையும் மனத்தில் வைத்து விலை போடப்பட்டது. அறை, கார், படகு எல்லாவற்றுக்கும் தனியாள் முழு வாடகை தர வேண்டியிருக்கிறது. பேருந்தும் ரயிலும் மட்டும்தான் ஆளுக்கு ஒரு சீட்டு என்று கணக்குப் பார்க்கின்றன. ஆகவே பொதுப் போக்குவரத்து எங்கே நன்றாக இருக்கிறதோ அந்தக் கரைதான் தனிப் பயணிக்கு ஏற்ற கரை. இந்தக் கரை அப்படிப்பட்டது.

காற்றைப் பார்த்து நாள் குறித்தல்

இங்குள்ள மீனவர்கள் பருவத்தைக் காற்றின் பெயரால் சொல்கிறார்கள். கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை அடிக்கும். அதே காற்று பொதிகை மலையில் மழையைக் கொட்டித் தாமிரபரணியில் வெள்ளத்தை இறக்குகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது ஈரம் வற்றி, தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு கடலுக்குப் போகிறது. மழை இல்லை என்பதை மட்டும் பார்த்து ஜூன், ஜூலையில் கடற்கரைக்கு நாள் குறிப்பவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான். வானம் வெளுத்திருக்கும், கடலோ கலங்கி எழும்பிக் கிடக்கும். காற்றில் பறக்கும் மணல் கண்ணைத் திறக்கவிடாது. பாய்ப்பலகையில் அலைமேல் போகிறவர்கள் மட்டுமே விரும்பும் காலம் அது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொண்டலும் வாடையும். வடகிழக்குப் பருவமழை இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலும் அளவாகவே பெய்யும். பெய்யத் தொடங்கினால் கை மீறியும் போகும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானது. காயல்பட்டினத்தில் பெய்தது மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போனதால், இந்த நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. மற்றவர்கள் நிலையத்திலேயே சிக்கி, 19ஆம் தேதிதான் முழுமையாக மீட்கப்பட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் புதுக்குடி ஊர்க்காரர்கள்.

அந்த இரண்டு நாட்களை நினைவில் வைத்து நவம்பர், டிசம்பர் பயணத்தைத் திட்டமிடலாம். திரும்பும் ரயிலுக்கும் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய நாளுக்கும் இடையே இரண்டு நாள் விடுப்பு, இரண்டு நாளுக்கு உரிய மருந்து, முழுக்க ஏற்றிய பவர் பேங்க், தண்ணீர், கையில் ரொக்கம் ஆகியவை தனியாளுக்குக் கூடுதல் சுமை ஆகாது. வெள்ளத்தில் முதலில் போவது மின்சாரம், அதோடு கைபேசிக் கோபுரம். பிறகு யுபிஐ இருந்தும் பயனில்லை. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இருப்பவர் அன்றே திருநெல்வேலிக்கு நகர்ந்துவிடுவது சரி. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்குப் பாலங்கள் திறந்திருக்கும் என்ற உறுதி இல்லை.

தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரைதான் இந்தக் கரைக்கு நல்ல காலம். கடல் தெளிந்து அமரும், வெயில் தாங்கும்படி இருக்கும், ஆற்றிலும் நீர் ஓடும். பதநீரும் அந்தக் கடைசி வாரங்களில் இறங்கத் தொடங்கும். சித்திரையில் வெயில் கடுமை. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் போய்வருவதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது, விலைதான் ஏறும்.

அமைதியான கடலே ஆளை இழுக்கும் ஒரு காலமும் சித்திரை, வைகாசிதான். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலை பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத நாளில் நம் கரையில் வந்து ஏறும். கள்ளக்கடல் என்று இதற்குப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது இத்தகைய அலை எச்சரிக்கை இருந்த நாளில். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. கடலுக்குப் போகும் நாள் காலையில் அதைப் பார்ப்பதும், கரையில் மீனவர் ஒருவரிடம் கேட்பதும், இரண்டும் வேண்டும். வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தால் வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆறு முடியும் இடம்

தாமிரபரணியில் பழைய அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி வழியும் நீர் ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. இந்தச் சிறு தூரத்தை ஒரு பகலில் பார்த்துவிடலாம். கடற்கரைக்கு நேரே ஓடுவதற்கு முன்னால் இதைப் பார்ப்பவருக்கு மற்ற இடங்கள் விளங்கும்.

காலையில் ஏரல் பேருந்து. அங்கிருந்து ஆட்டோவில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க நூலான பெரிப்ளூஸும் தாலமியும் குறிப்பிட்ட ஊர். இன்று கடல் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை முன்னே தள்ளத் தள்ள, துறைமுகமும் அதன் பின்னாலேயே நகர்ந்தது. கொற்கை தூர்ந்தபின் பழையகாயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதிய காயல் அதுதான். அதுவும் தூர்ந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் முன்னுக்கு வந்தது. பிறகு ஆற்றையே விட்டு விலகித் தூத்துக்குடிக்குப் போனது வணிகம். கொற்கையில் இப்போது கண்ணுக்குத் தெரிவது பழைய வன்னி மரம், குளம், சிறு கோயில், வயல், வாழை. கட்டடங்களைத் தேடி வருபவருக்கு இங்கே ஒன்றும் இல்லை. கால்டுவெல் 1870களில் இங்கே தோண்டிப் பார்த்ததும், அதற்குப் பிறகு நடந்த அகழாய்வுகளும் தெரிந்தவருக்கு அந்த வயல்வெளியே போதும்.

ஆத்தூரில் இறங்கினால் கொடிக்கால் வழியே நடக்கலாம். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்துப் புன்னைக்காயல். கத்தோலிக்க மீனவ ஊர். தமிழில் அச்சு நூல்களை முதலில் வெளியிட்ட பாதிரியார் அன்றீக் அடிகளார் இங்கே இருந்து பணி செய்தார். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. முகத்துவாரத்தில் மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிறது. ஆற்று நீர் கடலுக்குள் பாயும் வேகமும் ஏற்றவற்றமும் மோதும் இடம் என்பதால் அங்கே குளிக்கக் கூடாது. முழங்கால் ஆழம் என்று தோன்றும் இடத்தில் மணல் காலடியிலிருந்தே நழுவும். குளிக்க வேண்டும் என்றால் திரும்பி ஸ்ரீவைகுண்டத்துக்கே வந்து, ஊர்க்காரர்கள் இறங்கும் படித்துறையில் அவர்கள் இருக்கும் நேரத்தில் இறங்கலாம்.

இன்னொரு அரை நாள் கையில் இருந்தால், ரயில் நிலையத்துக்கு மேற்கே ஆற்றின் தென்கரையிலேயே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே கண்ணாடித் தளத்தின் கீழே பார்க்கும்படி அமைத்த காட்சியகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கரையோர ஊர்கள்

காயல்பட்டினம் ரயில் நிறுத்தம் உள்ள ஊர். நூற்றாண்டுகள் பழைய பள்ளிவாசல்களும் குறுகிய தெருக்களும் உள்ள இஸ்லாமிய ஊர். பெண்கள் நடப்பதற்கென்றே சில சந்துகள் உண்டு. வெளியூர் ஆண்கள் அவற்றில் நுழையாமல் இருப்பது மரியாதை. கடற்கரை அகலமானது. மாலையில் குடும்பங்கள் வந்து உட்காரும். குளியல் துறை என்று நினைத்து வரக் கூடாது. வழி கேட்கும்போது ‘காக்கா’ என்று அழைத்தால் மூத்தவர்கள் முகம் மலர்வார்கள்; அடுத்த ஊரில் அதே வயதுக்காரர் ‘அண்ணாச்சி’. ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும் என்பதால் சாப்பாட்டைத் திருச்செந்தூரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே இந்தக் கரையின் முக்கிய ஊர் திருச்செந்தூர். பேருந்து, ரயில், உணவகம், கோயில் விடுதி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி எல்லாம் இங்கேதான். 2025 ஜூலை 7இல் முருகன் கோயிலில் குடமுழுக்கு நடந்தபின் கூட்டம் முன்னிலும் அதிகம். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழாக்கள், தைப்பூசம் ஆகிய நாட்களில் சாமி கும்பிட வருபவர் வரட்டும். கடல் பார்க்க வருபவர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. அண்மைக் காலமாகப் பௌர்ணமி இரவுகளிலும் கடற்கரை மணலில் பெருங்கூட்டம் தங்குகிறது. கோயில் முன் கடற்கரை அரிப்பால் சில காலங்களில் செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும், பாறைகள் தலை நீட்டும். அங்கே குளிப்பவர்கள் கோயிலின் கடல் பாதுகாப்புப் பணியாளர்கள் நிற்கும் இடத்திலேயே இறங்க வேண்டும். தனியாளுக்கு இங்கே இருக்கும் தொல்லை, பையையும் கைபேசியையும் யாரிடம் விட்டுக் குளிப்பது என்பது. காசு கொடுத்துப் பொருள் பாதுகாப்பறையில் வைத்து, சீட்டை உடலோடு கட்டிக்கொள்வதே வழி. பக்கத்தில் இருப்பவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் கூட்டத்தில் அவரைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. கடலில் முழுகியபின் நாழிக்கிணற்றில் குளிப்பது வழக்கம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத நீர் ஊறுவது அந்தச் சிறு கிணற்றின் பெருமை.

திருச்செந்தூருக்குத் தெற்கே ரயில் இல்லை. உடன்குடி, மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலைப் பேருந்துகள்தான். குலசேகரன்பட்டினத்தில் தசரா வேடக்காரர்களின் காலம் தவிர மற்ற நாளில் அமைதி. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பகுதியில் டிரோன் பறக்கவிடுவதும் வேலிப் பக்கம் படம் எடுப்பதும் வேண்டாம். உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இருந்தாலும் சீனி கலந்த போலி நிறைய வருகிறது. விலை மிகவும் மலிவு என்றால் அது கருப்பட்டி அல்ல.

மணப்பாடு இந்தக் கரையின் முத்து. கடலுக்குள் நீட்டிய மணல் குன்று, அதன்மேல் திருச்சிலுவை ஆலயம், கலங்கரை விளக்கம், கீழே கருமேனி ஆறு கடல் சேரும் கழிமுகம். குன்றின் கடல் பக்கத்தில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. அவர் 1542 முதல் இந்த முத்துக்குளித்துறை ஊர்களில் நடந்தவர். குன்றின் ஒரு பக்கம் அலை உயர்ந்து வரும், மறுபக்கம் நீர் அடங்கிக் கிடக்கும். அலைச்சறுக்கு பழகியவர்கள் இந்த ஊரைத் தேடி வருவதற்கு இந்த அமைப்பே காரணம். தனியே வருபவர் கற்றுக்கொள்ள நினைத்தால் பயிற்சியாளர் இல்லாமல் பலகையைத் தொடக் கூடாது. இன்னொன்று உண்டு. கடலுக்குள் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று வள்ளக்காரர் யாராவது அன்போடு கூப்பிடலாம். மீன்பிடி வள்ளத்துக்குப் பயணிகளை ஏற்ற உரிமம் இல்லை. உயிர்காப்பு உடையும் எல்லா வள்ளத்திலும் இருக்காது. 2014இல் இந்தக் கடலிலேயே சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். மறுத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. அந்த வாரம் ஊர் நிறைந்திருக்கும். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஏலம் பார்க்கவும் புது மீன் சாப்பிடவும் விரும்புபவர் வார நாட்களில் வர வேண்டும். உவரி இன்னும் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்தில். அந்தோணியார் கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கரையில் இருக்கின்றன. ‘கொற்கை’ நாவலுக்காக 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குரூஸின் ஊர் இது. பயணத்துக்கு முன் அவருடைய நாவல்களில் ஒன்றைப் படித்துவிட்டு வருபவர் கரையில் காதில் விழும் பேச்சில் பாதியாவது புரிந்துகொள்வார்.

நீரில் இறங்கும்போது

தனியே குளிப்பவருக்கு உள்ள ஒரே பெரிய ஆபத்து, அவர் மூழ்குவது யார் கண்ணிலும் படாமல் போவது. ஆகவே நீச்சல் தெரிந்தவருக்கும் ஆள் இல்லாத கரையில் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். கரையில் மோதிய நீர் ஒரு ஒடுங்கிய வழியாகக் கடலுக்குத் திரும்பும் இடம் பார்க்க அமைதியாக இருக்கும். இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே மட்டும் உடையாமல் மண்நிறமாக நீர் கிடந்தால் அதுதான் இழுக்கும் வழி. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் அலையோடு திரும்ப வேண்டும். நீந்த முடியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும்.

சொறிமீன் பட்டால் தோல் தீப்பட்டாற்போல் எரியும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108. திருக்கை முள் குத்தினாலும் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். முள் ஆழமாகப் போயிருந்தால் தானே பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து நடந்தால் திருக்கை விலகிப் போகும்.

கடலில் யாரேனும் ஆபத்தில் இருந்தால் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554.

அறை, சாப்பாடு, துணை

கோயில் ஊர்களில் சில விடுதிகள் தனியாளுக்கு அறை தரத் தயங்குகின்றன. தனியே வந்து அறைக்குள் உயிரை மாய்த்துக்கொண்டவர்களால் ஏற்பட்ட பழைய பயம் அது. வருபவரை அவமதிப்பது அதன் நோக்கமல்ல. ஆதார் அட்டை, திரும்பும் பயணச்சீட்டு, வீட்டில் ஒருவரின் எண் ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பே காட்டினால் பெரும்பாலும் தயக்கம் நீங்கிவிடும். முன்பதிவின்போதே ‘ஒரு ஆள்தான்’ என்று சொல்லிவிடுவது நல்லது. இருட்டியபின் ஊரில் வந்து இறங்கி அறை தேடுவதைத் தனியே செல்லும் ஆணும் பெண்ணும் தவிர்க்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் கரையில் பகல் பயணம் எளிது. அரசு நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. 2021இல் தொடங்கிய இந்தத் திட்டத்தால் கடற்கரைச் சிற்றூர்ப் பேருந்துகளிலும் எந்நேரமும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அதுவே பெரிய துணை. பொழுது சாய்ந்தபின் மணலில் தனியே உட்காருவது வேறு. மணப்பாடு, உவரி போன்ற ஊர்களில் கரையே மீனவர்களின் வேலைத்தலம். வலை காய்வதும் ஆண்கள் குளிப்பதும் அங்கேதான். ஊர்ப் பெண்கள் இருக்கும் இடத்தில், ஆச்சிகள் மீன் பிரிக்கும் பக்கத்தில் இருந்தால் பேச்சுத் துணையும் கிடைக்கும். கடலில் இறங்கும்போது நீச்சலுடையைக் காட்டிலும் சுடிதாரோ முழுக்கை உடையோ இங்கே பொருந்தும். வெயிலுக்கும் அதுதான் காப்பு. பெண்கள் உதவி எண் 181, பொது அவசர எண் 112. அன்றன்று போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பும் பழக்கம் ஆண்களுக்கும் வேண்டியதே.

மதியச் சாப்பாட்டை மீன்குழம்புச் சாப்பாடு போடும் மெஸ்ஸில் வைத்துக்கொண்டால் தனியாளுக்குக் குறைவில்லை. இலையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் தனியாள் என்று பார்ப்பதில்லை. சாளை, பாறை, விளைமீன் எது அன்று வந்ததோ அதையே கேட்பது நல்லது. தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்துச் சுடும் மக்ரூன், எண்ணெயில் பொரித்த புரோட்டா. வெயிலில் நடந்தவர் காலைப் பதநீரைக் கலயத்திலிருந்து அப்போதே குடிக்க வேண்டும்; நேரம் ஆனால் புளித்துவிடும்.

தீவுகள்

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகியவை தூத்துக்குடித் தொகுதி. 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் பெரிய பரப்போடு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போனது. விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் உள்ள பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு பெரும்பகுதி கரைந்தபின், 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டு மிச்சம் காக்கப்படுகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் இந்தத் தீவுகளில் இறங்குவது குற்றம். காசு கொடுத்தால் இறக்கிவிடுகிறேன் என்பவரை நம்பிப் போகும் தனியாள், பிடிபட்டாலும் படகு திரும்பி வராவிட்டாலும் கேட்க ஆளின்றி நிற்பார். தீவுகளைச் சாகவிடாமல் இருக்கக் கால் வைக்காமல் இருப்பதே வருபவர் செய்யக்கூடியது.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவு வேறு வகை. பாதையால் கரையோடு சேர்ந்துவிட்ட தீவு. பொங்கல் விடுமுறையில் நகரமே அங்கே திரளும். துறைமுக எல்லைக்குள் இருப்பதால் மற்ற நாட்களில் நுழைவு உண்டா என்று முன்பே விசாரிக்க வேண்டும். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா நடக்கும் நாட்களில் தூத்துக்குடியில் அறை கிடைப்பது அரிது.

முறைப்படி தீவும் பவளமும் பார்க்க வேண்டும் என்றால் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி வழியாகப் பேருந்தில் போகலாம். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து படகுப் பயணம் நடத்துகிறார்கள். படகு நிறைந்தால்தான் புறப்படும் இடங்களில் தனியாளுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்லது. மற்றவர்களோடு சேர்த்து ஏற்றிக்கொள்வார்கள். பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் காப்பகம், ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கென்றே நாட்டில் அமைந்த முதலாவது. ஆவுளியாவைக் கண்ணால் காண்பது அரிது. கடற்புல் படுகையின்மேல் படகு மெதுவாகப் போவதற்கு அந்த விலங்கே காரணம். பவளம், கடல்குதிரை, கடல்விசிறி, கடல்அட்டை எதையும் எடுப்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி தண்டனைக்குரியது. கடைக்காரர் பில் கொடுத்தாலும் விமான நிலையச் சோதனையில் அது உதவாது. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறும் பங்குனி ஆமைகள் விளக்கொளியில் திசை மாறும். டார்ச் அடிக்கக் கூடாது.

ராமேசுவரத்துக்கு ரயிலில் போக விரும்புபவருக்கு 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாம்பன் பாலம் இருக்கிறது. இன்னும் தள்ளிப் போக நினைப்பவர் ஒவ்வொரு தீவின் அனுமதி முறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தமானில் இந்தியருக்கு அது தேவையில்லை என்றாலும் பழங்குடியினர் பகுதிகளுக்குள் நுழையத் தடை உண்டு. மாலத்தீவில் 2009க்குப் பின் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வந்ததால், ரிசார்ட்டுக்கு இருவர் வாடகை தர முடியாத தனியாளுக்கும் இடம் கிடைக்கிறது. அங்கே குளியலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் உடலை மூடிய உடை வேண்டும். இலங்கைக்கு 1914 வரை சென்னையிலிருந்து வரும் ரயில் தூத்துக்குடியோடு முடிந்து, பயணிகள் இங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறினார்கள். பிறகு அந்த வழி தனுஷ்கோடிக்கு மாறி, 1964 டிசம்பர் புயலோடு அறுந்தது. இப்போது கப்பலில் போக விரும்புபவர் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகலாம். அந்தச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்துவார்கள் என்பதால் சீட்டு எடுக்கும் முன் புறப்படும் நாளை உறுதி செய்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டும் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியும் தேவை.